மணல் போட்ட விலா எலும்பு

ஐம்பதை நெருங்கும் ஆணுக்கு வரும் வியாதிகளில் சர்க்கரைக்குக்கூட மாத்திரை இருக்கிறது. வெளிநாட்டுச் சமையல் வீடியோ பார்க்கும் வியாதிக்கு இல்லை. எனக்கு அது முற்றிய நாளில்தான் ஒரு பக்கத்துப் புருவத்தை இழந்தேன்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துபவன் நான். என் வாயில் வரும் பிழையைத் திருத்தத்தான் ஆள் இல்லை. சாத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர்களைச் சிரிக்க வைக்கும் ஆசையில் சொன்னேன்: "எங்க மச்சான் பட்டாசுக் கம்பெனியில போர்மேன். ஆனா தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பக் காட்டுனா காத தூரம் ஓடிருவாரு."

பந்தியே சிரித்தது. மச்சான், அதாவது என் மனைவி செல்வியின் அண்ணன் மாரிச்சாமி, பாதி இலையில் எழுந்து கை கழுவிவிட்டார். அதன்பின் எட்டு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

செல்வி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனுக்கும் சேர்த்து உலை வைத்து, மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, திங்கள் காலை அந்தப் பழையதை எனக்குப் பரிமாறினாள். (பிழை திருத்துபவனுக்கு ஓரத்தில் ஒரு கோடு போட்டாலே புரிந்துவிடும்.)

மச்சானுக்குப் பன்றிக்கறி என்றால் உயிர். விலா எலும்பை முழுசாகக் கரி அடுப்பில் சுட்டுக் கொடுத்து அவரைச் சமாதானம் செய்வது என் திட்டம். வெல்டிங் பட்டறையில் பழைய எண்ணெய் டிரம்மைப் பாதியாகப் பிளந்து, மேலே கம்பி வலை வைத்து வாங்கி வந்தேன். கறிக்கடைக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார்: "துண்டு போடாம முழுசாக் கேக்கீகளே அண்ணாச்சி, கூரை வேயவா?"

செல்வியும் மறுக்கவில்லை. "பன்னி என் அடுப்படிக்குள்ள வரக்கூடாது. மாடியில என்னமும் செய்யுங்க. எங்கண்ணன் மனசு நோகாமப் போகணும், அம்புட்டுத்தான்."

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கரியைப் பற்றவைத்தேன். (ஞாயிறு நாலரை முதல் ஆறு ராகுகாலம். வருடத்துக்கு ஐம்பத்திரண்டு தாளில் அதைச் சரிபார்ப்பவன் நான்.) செல்வியும், கல்லூரி போகும் மகள் வளர்மதியும் தட்டோடு நின்றார்கள். தங்கை போனில் அழுததால் மச்சான் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் மாடியைச் சுற்றிப் பார்த்தார். பூந்தொட்டிக்கு வாங்கிய மணல் மூட்டையை அவிழ்த்து, ஒரு வாளி நிரப்பி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மச்சான், இது கறிதான். கம்பெனி இல்ல."

"இருந்துட்டுப் போகட்டும் மாப்ள."

எட்டு மாதத்தில் முதல் வார்த்தை! அந்த மகிழ்ச்சியில் காலண்டர் அட்டையால் ஓங்கி விசிறினேன். எலும்பு பளபளக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய் ஊற்றினேன். (வீடியோக்காரர் ஊற்றவில்லை. அது என் சொந்தக் கற்பனை.) பன்றிக் கொழுப்பு ஏற்கெனவே உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து கரியில் விழ, 'பக்'கென்று என் உயரத்துக்கு எழுந்தது தீ.

நான் அலறினேன் என்று செல்வி சொல்கிறாள். எனக்கு நினைவிருப்பது மச்சானின் கைகள். வாளி மணல் மொத்தமும் அடுப்பின் மேல் விழுந்தது. அடுத்த நொடி என் சட்டைக் காலர், செல்வியின் தோள், வளர்மதியின் சடை மூன்றும் இழுபட்டன. இரண்டே கையால் எப்படி என்று இன்றுவரை தெரியவில்லை. "வெளிய! வெளிய ஓடுங்க!" படிக்கட்டு எதிலும் கால் பட்ட ஞாபகம் இல்லை, தெருவில் நின்றுகொண்டிருந்தோம்.

மாடியில் தீ எப்போதோ அணைந்திருந்தது. மச்சான் விரலை நீட்டி எங்களை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு." மறுபடி முதலிலிருந்து. மறுபடியும்.

"எல்லாரும் வந்தாச்சுண்ணே," என்றாள் செல்வி.

"ஒரு தடவ ஒரு ஆளு கொறஞ்சுச்சு தாயி."

யார், எப்போது என்று நாங்கள் கேட்கவில்லை. எந்தப் பயத்தைச் சொல்லி நான் ஒரு பந்தியைச் சிரிக்க வைத்தேனோ, அந்தப் பயத்தை நம்பித்தான் தினமும் காலையில் அத்தனை பேர் கம்பெனி வேனில் ஏறுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாத்தூர்ல நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன். பந்தியில் சரளமாகப் பேசிய வாய் தெருவில் திக்கியது.

"அது கெடக்கு. நல்ல கறியில மண்ணப் போட்டுட்டேனே மாப்ள," என்றார் மச்சான்.

செல்வி மாடியேறினாள். விலா எலும்பை எடுத்து வந்து, ஏழு தண்ணீரில் அலசி, தன் அடுப்படியில், தன் குக்கரில் வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. (இதைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆகியிருக்கிறது.) குழம்பு பல்லில் நறநறவென்றது. மச்சான் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

புருவம் வளர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் மச்சான் வந்திருக்கும்போது தோசை கருகினால்கூட வளர்மதி கரண்டியோடு வாசலுக்கு ஓடி, "எண்ணுங்க மாமா!" என்று கத்துகிறாள். நாங்களும் போய் வரிசையில் நிற்கிறோம். அவரும் சிரித்துக்கொண்டே எண்ணுகிறார்: ஒண்ணு, ரெண்டு, மூணு. தன்னைச் சேர்த்துக்கொள்வதே இல்லை. கம்பெனிப் பழக்கம் போலிருக்கிறது.

பிழை திருத்துவது என் வேலை.

"நாலு, மச்சான்."