என்னை எதிர்த்து நான் வைத்த கையெழுத்து

பெயரை மறைத்துப் படம் கீறுகிறவனுக்கு வீரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆளைத் தெரிந்தால்தானே அடிக்க வருவார்கள்? திருகோணமலைத் துறைமுகத்துப் பூனை ஒன்றை நாயகனாக்கி, வாரப் பத்திரிகை ஒன்றில் நாலு வருடம் நானும் வீரனாக உலவினேன். மூலையில் பெயருக்குப் பதிலாக ஒரு பூனைவாலும் மீன்முள்ளும் போடுவேன்.

பூனையின் பெயர் கப்பித்தான். அதற்கொரு காதலி வேண்டும் என்று ஆசிரியர் நச்சரித்தார். (எனக்கே காதலி இல்லை, பூனைக்கு எங்கே போவது?) நான் வழக்கமாக இருந்து கீறும் துறைமுக வீதித் தேநீர்க்கடைக்கு எதிரே, குச்சவெளி பஸ்ஸுக்காக ஒரு பெண் தினமும் நிற்பார். புள்ளிக் குடை, உயர்ந்த இடது புருவம், பஸ் பிந்தினால் குடையால் நிலத்தில் ஒரு குத்து. அப்படியே கீறி, வாலை ஒட்டி, குடைராணி என்று பெயர் வைத்துவிட்டேன். ஒவ்வொரு கிழமையும் கப்பித்தான் மீன் கொண்டுபோவான், அவள் குடையால் விரட்டுவாள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்போதுதான் சின்னம்மா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் உப்புவெளியில் ஒரு டீச்சர், பெயர் சுமதி. (ஸ்டூடியோக்காரர் அடித்த வெளிச்சத்தில், சின்னம்மா காட்டிய போட்டோவில் புருவமே தெரியவில்லை.) எனக்கு முப்பத்தாறு வயது. "இதுவும் சரிவராட்டி இனி உனக்குப் பொம்பிளை பார்க்க என்னால ஏலாது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்.

சுமதி வீட்டுக் கதிரையில் இருந்து நிமிர்ந்தேன். கதவோரம் ஆணியில் புள்ளிக் குடை. தேத்தண்ணீரோடு வந்தவருக்கு அதே உயர்ந்த இடது புருவம். குடைராணியேதான்!

சுமதியின் தகப்பன் ஒரு கடதாசியை நீட்டினார்.

"தம்பி, ஒருத்தன் என்ர பிள்ளையைப் பூனையாக் கீறுறான். பள்ளிக்கூடத்தில பிள்ளையள் குடைராணி டீச்சர் எண்டு கூப்பிடுதுகள். பத்திரிகைக்குப் பெட்டிசம் எழுதியிருக்கிறன். நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ."

"ஓம் மாமா, கட்டாயம்! இப்பிடியான ஆக்களை விடக்கூடாது!" என்றேன். (மாமாவாம்! தேத்தண்ணீர்கூட ஆறவில்லை.) பேனையை வாங்கி வேகமாகக் கையெழுத்து வைத்தேன்.

கை என் பெயரோடு நிற்கவில்லை. நாலு வருடப் பழக்கத்தில், கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்து, நுனியில் மீன்முள்ளையும் தொங்கவிட்டது.

சின்னம்மா கடித்த வடையை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. சுமதி கடதாசியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பா, இவர்தான் அவர்" என்றார். "அந்தக் குடைராணி இவ்வளவு நாளும் வேண்டாம் எண்டு விரட்டினது சரிதான்."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வெட்கத்தில் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை கப்பித்தான் மீன் கொண்டுபோகவில்லை. இரண்டு காதையும் பிடித்தபடி பஸ் தரிப்பிடத்தில் நின்றான். குடைராணிக்கு அதோடு விடை கொடுத்தேன். கீழே முதல்முறையாக என் சொந்தப் பெயரைப் போட்டேன்.

பத்திரிகை வந்த மூன்றாம் நாள் சுமதியே தேநீர்க்கடைக்குள் வந்து, குடையை என் மேசையில் வைத்தார்.

"மன்னிப்புச் சரி. ஆனா நான் குடையை இடது கையிலதான் பிடிக்கிறனான். இத்தனை நாளும் பிழையாக் கீறியிருக்கிறீங்கள்."

கலியாணப் பதிவன்று நான் பேனையை எடுத்ததும், மாமா சபை நடுவே எழும்பி, "தம்பி, வால் கவனம்!" என்று கத்தினார். அன்றிலிருந்து நான் எங்கே கையெழுத்து வைத்தாலும் வீட்டில் எல்லோரும் சொல்வது அதைத்தான். போன மாதம் மகளும் தன் பள்ளிக்கூட அறிக்கையை நீட்டிக்கொண்டு, "அப்பா, வால் கவனம்" என்றாள். கவனமாகத்தான் இருந்தேன். மீன்முள் மட்டும் கையெழுத்தின் நுனியில் விழுந்துவிட்டது.