புதுவயலில் காபி குடிப்பவர்கள்

இன்னும் ஒரு டம்ளர் காபி உள்ளே போனால் தன் உயிர் வெளியே போய்விடும் என்று செல்வினுக்குத் தோன்றியது.

"குடிங்க தம்பி, ஆறிப்போகுதுல்ல," என்றாள் ரைஸ்மில் தெரு விசாலம்.

குடித்தான். காபித்தூள் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், யார் என்ன குடிக்கிறார்கள் என்று விசாரிப்பது அவன் வேலை. கணக்கு சரியாக இருந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் தருவதாக மரிய அனிதாவின் அப்பா சொல்லியிருந்தார்.

வினையை அவனேதான் தேடிக்கொண்டான். முதல் தடவை புதுவயலுக்கு வந்தபோது ரைஸ்மில் தெரு முழுக்க டீதான். "காப்பியே குடிக்க மாட்டீகளா?" என்று வாசலுக்கு வாசல் வாயைப் பிளந்தான். மறுமாதம் போனால் எல்லா வீட்டிலும் காபி!

மதுரை மேனேஜர் சத்தியமூர்த்தி போனிலேயே பாய்ந்தார். "ஒரு தெருவே எப்படிய்யா மாறும்? வீட்ல உக்காந்து எழுதினியா? திரும்பப் போ!"

போனான். சந்தேகத்துக்குப் பக்கத்துத் தெருவிலும் விசாரித்தான். அடுத்த வாரம் அங்கேயும் காபி மணத்தது.

சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வெயிலில் போய்ப் பார்த்தான்.

"இந்த வெயில்ல வந்திருக்கீக," என்று பெரிய டம்ளராக வந்தது.

"வயிறு எரியுதுக்கா, வேண்டாம்."

"எங்க வீட்டுத் தூளு மட்டமா?" விசாலத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த தடவை விலை கூடின தூளாக வாங்கி வைத்திருந்தாள். பாவம், அதையும் கணக்கில் ஏற்றினான்.

கடைசியில் மேனேஜரே செல்வினோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். நுழைந்த இடமெல்லாம் காபி.

"காபிக் கோட்டைய்யா இது!" என்று முதுகில் தட்டினார்.

வேலை நிரந்தரமாயிற்று. புதுவயலிலேயே கிடங்கு திறந்து, செல்வினைப் பொறுப்பாளராக உட்கார வைத்தார்கள். தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை, வயிற்றெரிச்சலும் நின்றது. மாதா கோயிலில் அனிதாவோடு அவனுக்குக் கல்யாணம் என்று ஓலை வாசித்து அறிவித்தாயிற்று.

கிடங்கில் மூட்டைகள் கூரையைத் தொட்டன. மாதம் ஒன்று ஓடியும் ஒரு பாக்கெட் நகரவில்லை.

"இந்த வாரம் விக்கலைன்னா நீயும் வேண்டாம், உன் கிடங்கும் வேண்டாம்!" என்றார் மேனேஜர்.

செல்வின் கிடங்கைப் பூட்டினான். விசாலம் வீட்டுக்கு ஓடினான். அவள் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? ஊரே காப்பியை விட்ருச்சா?"

விசாலம் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"நீங்கதான் இங்குட்டு வாரதே இல்லையே தம்பி. இந்த ஊர்ல காப்பி குடிச்சது நீங்க ஒருத்தர்தான?"