பதினொரு ஐரிஸ் தொட்டிகளும் உங்கள் மகளும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் பிள்ளைகளும் பதினொரு தொட்டிகளும் நலம். தங்களுடைய மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

எழுத வந்த விஷயம் உங்கள் மகளைப் பற்றியது. பதற வேண்டாம். எடையளவு ஆய்வாளராக முப்பத்தோரு வருடம் தராசுகளோடு மல்லுக்கட்டியவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. ஓய்வு பெற்றதும் ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்குகளை வாங்கி, சாண் ஆழத்தில் புதைத்து, காலை முந்நூறு மில்லி, மாலை முந்நூறு மில்லி என்று அளவுக் குவளையில் ஊற்றி மூன்று வருடம் வளர்த்தேன். இலை வந்தது, பூ மட்டும் வரவில்லை. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஒரு தொட்டியை மோந்து பார்த்துவிட்டு, "மாமா, இது அழுகுது" என்றாள். "உரம் அப்படித்தாம்மா நாறும்" என்றேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பதினொன்றையும் கவிழ்த்துவிட்டாள். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் அல்லவா, கை கூசவே இல்லை. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலைச் சுரண்டி எடுத்து, இலைகளை விசிறி மாதிரி கத்தரித்து, கிழங்குகளை வெயிலில் காயவைத்து, முதுகு வெளியே தெரிகிற மாதிரி நட்டாள்.

"என்னம்மா, போர்வையில்லாமப் படுக்க வச்சிருக்கே?"

"முதுகுல வெயில் பட்டாத்தான் மாமா பூக்கும். மண்ணு காஞ்சப்புறம் தண்ணி விட்டாப் போதும்."

அளவுக் குவளையையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள், சம்பந்தி. ஒன்பது நாள் நான் அவளோடு பேசவில்லை. "வீடு அமைதியா இருக்கு, அப்படியே இருங்க" என்றாள் என் மனைவி.

இந்த வாரம் ஒன்பது தொட்டிகள் பூத்திருக்கின்றன. ஊதா இதழ், அதன் நடுவே தாடி மாதிரி மஞ்சள் முடி. தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "யார் சார் வளர்த்தது?" என்று கேட்டார். 'நான்' என்பது வாய் வரைக்கும் வந்தது. "எங்க மருமக" என்றேன். அவள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் தொட்டிகளுக்குப் பக்கத்தில் என் நாற்காலியோடு இன்னொன்றும் வந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

தப்பு என்மேல்தான் என்று நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் போனில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். இனி தோட்டம் முழுக்க அவள் பொறுப்பு, நான் குறுக்கே வரமாட்டேன். இப்படியொரு பெண்ணை வளர்த்ததற்காக உங்கள் இருவருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க மறந்து மூன்று வாரமாகிவிட்டது. இன்று காலை உங்கள் மகள் வாசலில் இருக்கும் பழைய கல்வாழைப் பாத்தியில் மண்வெட்டியோடு நிற்கிறாள். பூ முடிந்துவிட்டதாம், கிழங்கு நெருக்கமாகிவிட்டதாம், பிரித்து நட வேண்டுமாம். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானே கைவைக்கப் பயந்த பாத்தி அது. மேலே எழுதிய அத்தனையையும் ரத்து செய்கிறேன். உடனே வந்து அவளை அழைத்துப் போங்கள். இதை எழுதுவதற்குள் பாதியைத் தோண்டிவிட்டாள். திரும்ப நடத் தெரிந்தவள் இங்கே அவள் ஒருத்திதான். ஆகவே அடுத்த மாதம் வந்தால் போதும்.