சாயங்கால பஸ்

"சாயங்கால பஸ் எப்பண்ணே வரும்?"

புது டாக்டர் நிஷாத் வந்து உட்கார்ந்த சூடு நாற்காலியில் ஏறுவதற்குள் இதை மூன்று தடவை கேட்டுவிட்டார். ஆஸ்பத்திரி உதவியாளர் கொளஞ்சியப்பன் துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"இன்னாத்துக்கு டாக்டர் அவசரம்?"

"அது வர்றப்ப நான் ஸ்டாப்புல நிக்கணும். விட்டேன்னா தொலைஞ்சேன்!"

வெள்ளிமலையையும் தாண்டி மேலே இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு டாக்டர்கள் வருவது புதிதல்ல, தங்குவதுதான் புதிது. காலை பஸ்ஸில் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். மறுநாள் மெடிக்கல் லீவு என்று போன் வரும். வைத்தியம் பார்க்க வந்தவருக்கே அப்படி என்னதான் சீக்கோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மற்ற நேரமாக இருந்தால் கொளஞ்சியப்பனும் போனால் போகட்டும் என்று விட்டிருப்பார். இப்போது மகள் மலர்விழிக்கு நிறைமாசம். வலி எடுத்தால் அத்தனை வளைவுகளிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கியது. இந்த ஆளை இன்றைக்கு விடுவதில்லை என்று முடிவு கட்டினார்.

முதலில், வேலையில் மூழ்கடித்தால் பஸ்ஸை மறந்துவிடுவார் என்று பார்த்தார். ரோட்டில் போனவர்களை எல்லாம் வழிமறித்து, "வயித்து வலின்னு சொல்லுங்க" என்று பெஞ்சில் உட்கார வைத்தார்.

"எல்லாருக்குமே வயித்து வலியா?" டாக்டர் பதறி எழுந்தார். "தண்ணியில கோளாறா இருக்கும். சாம்பிள் எடுத்து அந்த பஸ்லயே கீழ அனுப்பணும்!"

"ஐயையோ, எனக்கு ஒண்ணும் இல்லீங்க," என்றார் வரிசையில் முன்னால் நின்ற செல்லியம்மாள். "கொளஞ்சிதான் சொல்லச் சொன்னாரு. வூட்ல ஒல வெச்சிட்டு வந்துட்டேன், நான் போவட்டா?"

பெஞ்சு காலியானது. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லதாப் போச்சு. வேலை இல்ல, சீக்கிரமே ஸ்டாப்புக்குப் போயிடறேன்."

கொளஞ்சியப்பன் சும்மா இருப்பாரா? டாக்டரின் பையைத் தூக்கி மருந்து அறையில் வைத்துப் பூட்டினார்.

"பை எங்கண்ணே? என் போன்கூட அதுலதான் இருக்கு."

"குரங்கு தூக்கிகினு போயிருக்கும் டாக்டர். இங்க அதுங்க தொல்ல ஜாஸ்தி."

"அப்ப உங்க போனைக் குடுங்க, ஒரு கால் பண்ணிக்கறேன்."

டாக்ஸிக்குத்தான், வேறெதற்கு என்று நினைத்தார் கொளஞ்சியப்பன். "இங்க சிக்னலே இல்லீங்களே!"

சொல்லி வாய் மூடவில்லை, அவர் சட்டைப்பையில் போன் அலறியது.

"அலாரமுங்க," என்று அமுக்கினார்.

டாக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பையும் வேணாம், போனும் வேணாம்," என்று விறுவிறுவென ஸ்டாப்புக்கு நடந்தார்.

கொளஞ்சியப்பன் ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஓடி, பஸ் கண்டக்டர் பிரவீன்குமாரைப் போனில் பிடித்தார்.

"தம்பி, புது டாக்டர் அப்பவே ஜீப்புல கீழ போயிட்டாரு. இங்க ஏறுறதுக்கு ஆளே இல்ல. நீ வெள்ளிமலையிலயே வண்டியத் திருப்பிக்கினு போயிடு."

"சரிண்ணே, டீசல் மிச்சம்!"

பொழுது சாய்ந்தது. பஸ் வரவில்லை. ஸ்டாப்பில் டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொளஞ்சியப்பனுக்கு மனசுக்குள் கொண்டாட்டம். ஒரு ராத்திரி தங்கட்டும், மலர் கையால் சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிடட்டும், அப்புறம் எங்கே போவார்?

"மனச விட்டுடாதீங்க டாக்டர், நாங்கல்லாம் இல்லையா?" என்று அவர் தேற்றும்போதே போன் அடித்தது. எடுத்தால், பிரவீன்குமார்.

"அண்ணே, டாக்டர் கீழ போயிட்டாருன்னு நீ சொன்னதக் கேட்டு, 'அவரே இல்லாம நான் மட்டும் மேல போய் இன்னா பண்றது'ன்னு அவரு சம்சாரமும் பொட்டி, கேஸ் அடுப்போட நம்ம வண்டியிலயே கீழ வந்துகினு இருக்காங்க, அவங்களும் நம்ம ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த டாக்டராம்ணே, பிரசவம் பாக்குற டாக்டராம்!"