கதவு சாத்தாத பூத்

நல்ல எஸ்.டி.டி. பூத் ஒன்றை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். கல்யாணமானதிலிருந்து என் வீட்டில் நான் எடுத்த முதல் முடிவு அது.

வீட்டுக்கு டெலிபோன் கேட்டு மனு போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். என் மனைவி காமாக்ஷி ஞாயிறுதோறும் நாக்பூரில் இருக்கும் தங்கை ஸ்ரீரஞ்சனியோடு பேசுவாள். தெற்கு மாட வீதி பூத்தில், கண்ணாடிக் கதவை இறுகச் சாத்திக்கொண்டு. நான் காய்கறிப் பையோடு வெளியே நிற்பேன். பேசிக்கொண்டே இருப்பவள் திடீரென்று திரும்பி என்னைப் பார்ப்பாள். மறுபடி பேசுவாள். அப்புறம் வயிறு குலுங்கச் சிரிப்பாள். என்னைப் பற்றிய செய்தி நாக்பூர் வரைக்கும் போகிறது, ஒரு முழம் தள்ளி நிற்கும் எனக்கு வரவில்லை. அப்படி என்னிடம் சிரிக்க என்ன இருக்கிறது என்று கண்ணாடியில் முன்பக்கமும் பக்கவாட்டிலும் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அதுவும் அப்போது எங்களுக்குள் ஒரு வழக்கு வேறு நடந்துகொண்டிருந்தது. ரஞ்சனி புது வீடு கட்டியிருந்தாள். கிரகப்பிரவேசத்துக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரவேண்டும் என்றாள் காமாக்ஷி. நாக்பூர் வெயில் ஆகாது, ரயிலில் இடம் கிடைக்காது என்று என்னென்னவோ சொல்லித் தடுத்தேன். உண்மைக் காரணம் என் வயிறு. எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் படிக்கவில்லை. ஒரு வாரமாக அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தங்கையிடம் என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூத் பூத்தாகப் போய் நின்றேன். கோயில் பக்கத்துப் பூத்தில் மணிச் சத்தம்தான் கேட்டது. இன்னொன்றில் கதவு அப்படி ஒரு கதவு; உள்ளே கச்சேரியே செய்தாலும் வெளியே தெரியாது. கடைசியில் லஸ் முனையில் சுயம்புலிங்கத்தின் ஜவுளிக்கடை ஓரத்தில் என் பூத் கிடைத்தது. கீல் கழன்று கதவு பாதி திறந்தபடியே நின்றது. பனியன் பார்ப்பது போல நின்றேன். உள்ளே ஒருவர் கோயமுத்தூர் சம்பந்தியிடம் தம் மூல வியாதியை விவரித்துக்கொண்டிருந்தார். ஆதியோடந்தமாகக் கேட்டது. சந்தோஷத்தில் ஒரு பனியனும் வாங்கிவிட்டேன்.

அங்கே லைன் துல்லியம், நடுவில் எவன் குரலும் வந்து விழாது என்று காமாக்ஷியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் மறுப்பாள் என்று மேற்கொண்டு நாலு வாதங்கள் கைவசம் வைத்திருந்தேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்கள் மாடி வீட்டுக் கோதண்டபாணி, என் ஆபீஸ்காரர், மனைவியோடு முறைக்குக் காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முதலில் பேசச் சொல்லி வழிவிட்டார். காமாக்ஷி கதவை ஒரு இழு இழுத்தாள். அது வரவில்லை. கீலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய் நம்பரைச் சுழற்றினாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ரஞ்சனி, நான்தாண்டி. கிரகப்பிரவேசத்துக்கு வந்துடறேன். ஒரு மாசம் இருந்துட்டுத்தான் கிளம்புவேன். யார் சொன்னா அவர் விடமாட்டார்னு? அவரேதான் போயிட்டு வான்னார். ரசம், கறி எல்லாம் நானே பண்ணிக்கறேன், நீ கவலைப்படாதேன்னுட்டார். நான் வாயைத் திறந்து கேக்கக்கூட இல்லை. இப்படி ஒரு மனுஷர் யாருக்குடி கிடைப்பார்?"

நான் எழுந்து நின்றுவிட்டேன். கோதண்டபாணியின் மனைவி கர்ப்பகிருகத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கேட்டேளா?" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், அவர் இலையிலிருந்து நான் வடையை எடுத்துவிட்டது போல இருந்தது.

"நிஜமா ஓய்?" என்றார்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என்னை நாலு பேர் முன்னால் யாரும் அதுவரை புகழ்ந்ததில்லை. "அதுக்கென்ன, ஒரு மாசம்தானே" என்று யாரோ சொன்னார்கள். பார்த்தால் நான்தான்.

காமாக்ஷி வெளியே வந்தாள். நான் சுயம்புலிங்கத்திடம் பில் கேட்டேன்.

"பில்லு எதுக்கு சார்? நாக்பூர் லைனே கெடைக்கலியே. மீட்டர் ஓடவே இல்ல. அம்மா சும்மாத்தான் பேசிட்டு இருந்தாக."

நான் காமாக்ஷியைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"பரவாயில்லை, வாங்கோ. வேற பூத்துக்குப் போலாம். நீங்க சம்மதிச்சுட்டேள்னு இனிமேத்தான் அவகிட்ட சொல்லணும்."