ஆழ்வாப்பிள்ளை தேடிய தேக்கு

“இது தேக்கில்லை, அண்ணை. வேம்பு. மேலை சாயம் பூசிக் கிடக்குது,” என்று சொல்லி, உளியால் செதுக்கிய சிராயை ஆழ்வாப்பிள்ளையின் மூக்கடியில் நீட்டினான் தச்சன் கனிசியஸ்.

ஆழ்வாப்பிள்ளை மோந்து பார்த்தார். சுன்னாகம் சந்தையில் இருபது வருடமாக வெங்காயம் விற்கிறவர். எந்த ஊர்த் தோட்டத்து வெங்காயம் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். மர விஷயத்தில் அந்த மூக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

பட்டினத்தில் பழைய மரம் விற்கும் றஊப் தலையைச் சொறிந்தான். “எனக்குத் தந்தவனும் தேக்கெண்டுதான் தந்தவன், ஐயா.”

“தம்பி, ஆவணிக்குள்ளை எனக்கு வேணும். பழைய பர்மாத் தேக்கு. ஒரு நிலை, இரட்டைக் கதவு, நாலு தீராந்தி.”

“சாப்பிடுற பாணுக்கே விடியமுந்தி வரிசையிலை நிக்கிற காலம் இது. பர்மாத் தேக்குக்கு நான் எங்கை போக?”

ஆழ்வாப்பிள்ளைக்கு அந்த மரம் கிடைத்தே ஆகவேண்டும். மகள் கனகாம்பிகைக்கு முப்பது நடக்கிறது. ஐந்து கலியாணப் பேச்சுக்கால் வந்து தட்டிப்போயிற்று. ஊரார் கேட்கிற கேள்விகளுக்குப் பயந்து அவள் திருவிழாவுக்குப் போவதையே விட்டுவிட்டாள். ஆறாவதாக நல்லூரிலிருந்து காணி அளக்கிற ஒரு சேவையர் மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார் தரகர் செல்வநாயகம். மாப்பிள்ளையின் தாய் தங்கமுத்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெண்ணுக்குக் கட்டுகிற வீட்டின் முன்வாசல் நிலையும், கதவும், கூரையைத் தாங்கும் தீராந்திகளும் பழைய பர்மாத் தேக்கில் இருக்க வேண்டும். மற்றும்படி ஒன்றும் வேண்டாம். இப்படி ஒரு தங்கமான சம்பந்தி கிடைப்பாளா என்று ஆழ்வாப்பிள்ளை உருகிப்போனார். பக்கத்துக் காணியில் சுவர் எழும்பிவிட்டது. மரம்தான் இல்லை.

றஊப் இரக்கப்பட்டு ஒரு துப்புச் சொன்னான். “கொக்குவிலிலை ஒரு பழைய வீடு பிரிக்கினமாம். உள்ளுக்கை முழுக்கத் தேக்கு.”

அடுத்த நாளே லொறி பிடித்துக்கொண்டு போய் இறங்கினார்கள். வாசலில் நின்ற மனிதரிடம், “வீடு பிரிக்கிறியளாமே?” என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டார்.

“ஓம், பிரிக்கத்தான் போறம்,” என்றவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

கனிசியஸ் அலவாங்குக் கம்பியோடு கூரையில் ஏறினான். அறுபது ஓடு உடைந்து இறங்கியிருக்கும். குளித்தவர் ஈரத்துண்டோடு ஓடிவந்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய தம்பியும் வந்தார்.

“நாங்கள் பாகம் பிரிக்கிறம். கூரையைப் பிரிக்கச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?”

மூன்று வருடமாக முகம் பார்த்துக் கதைக்காத அண்ணனும் தம்பியும் ஆழ்வாப்பிள்ளையை ஏசுவதில் ஒன்று சேர்ந்துகொண்டார்கள். அந்த ஒற்றுமையில் பாகம் பிரிக்கிற யோசனையும் கைவிடப்பட்டது. மகள் வீட்டுக்கென்று வைத்திருந்த ஓட்டில் அறுபதைக் கொண்டுபோய் அங்கே வேய்ந்து கொடுத்தார் ஆழ்வாப்பிள்ளை. இப்போது மரமும் இல்லை, ஓடும் போதாது.

அடுத்ததாகப் பருத்தித்துறைக் கரையில் உடைந்து கிடந்த ஒரு பழைய பாய்க்கப்பலின் பலகை அகப்பட்டது. அசல் தேக்கு. கனிசியஸ் மாதாவின் மேல் சத்தியம் பண்ணினான். உள்ளே கிடந்த ஆணிகளில் இரண்டு வாள் பல்லுப் போனபிறகு ஒரு நிலை உருவாயிற்று.

ஆழ்வாப்பிள்ளையின் மனைவி இரத்தினம்மா வந்து நிலையடியில் நின்று மூக்கைச் சுளித்தாள். “இஞ்சேருங்கோ, உது கருவாடு ஏத்தின கப்பலே?”

மீன்காரனின் சத்தம் கேட்டாலே தலை முழுகுகிற குடும்பம் தங்கமுத்துவினுடையது. மஞ்சள் நீர் தெளித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். சாம்பிராணி போட்ட கருவாடு மணத்தது. ஊர்ப் பூனை முழுவதும் வந்து நிலையைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. கனிசியஸ் நிலையைக் கழற்றினான்.

அன்று பின்னேரம் ஆழ்வாப்பிள்ளையின் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவன் தற்செயலாக அண்ணாந்து பார்த்தான். கோப்பை வாயிலேயே நின்றது.

“அண்ணை, உந்தத் தீராந்தி என்ன மரம்?”

“அது அப்பு கட்டின வீடு. எனக்கென்ன தெரியும்?”

கனிசியஸ் கதிரையில் ஏறிச் சுரண்டினான். மோந்தான். கீழே இறங்கி ஆழ்வாப்பிள்ளையைப் பார்க்காமலே சொன்னான். “பர்மாத் தேக்கு. நிலையும் கதவும் அதுதான்.”

கனகாம்பிகை குசினி வாசலுக்கு வந்தாள். “வேண்டாம் ஐயா. எனக்காக நீங்கள் இருக்கிற வீட்டைப் பிரிக்காதேங்கோ.”

“நீ சும்மா இரு, பிள்ளை. நீ நல்லாயிருந்தால் எங்களுக்கு ஏன் வீடு?”

பத்து நாளில் வீடு இடம் மாறியது. நிலை, கதவு, தீராந்தி, ஓடு எல்லாம் புதுவீட்டுக்குப் போயின. பழைய வீட்டில் சுவர் மட்டும் நின்றது. புதுவீட்டில் போய் இருக்கவும் வழியில்லை. நாள் பார்த்துக் குடிபூராமல் அடுப்பு மூட்டக்கூடாது. அந்த நாளையும் மாப்பிள்ளை வீட்டார்தான் சொல்ல வேண்டும். மூன்று பேரும் சமையலுக்கென்று வெளியே நின்ற குசினிக் கொட்டிலுக்குள் ஒடுங்கினார்கள். பருவம் தவறி மழையும் கொட்டியது. இரத்தினம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. இரவில் அவள் இருமும்போதெல்லாம் ஆழ்வாப்பிள்ளை எழுந்து சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். ஆனாலும் காலையில் எழுந்து புதுநிலையைத் தடவிப் பார்த்தால் ஒரு ஆறுதல்.

மழை விட்டதும் தரகருக்கு ஆள் அனுப்பினார்.

செல்வநாயகம் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து நிலையைத் தொட்டார். கதவைத் தட்டிப் பார்த்தார். அண்ணாந்து தீராந்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் சந்தோஷத்தைக் காணவில்லை.

“அசல் பர்மாத் தேக்கு,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. “இனிச் சம்பந்தியம்மாவைக் கேட்டு நல்ல நாளை வையுங்கோவன்.”

“உது எங்கை எடுத்தனீங்கள், அண்ணை?”

ஆழ்வாப்பிள்ளை பக்கத்திலிருந்த தன் பழைய வீட்டைக் காட்டினார். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. கனகாம்பிகை அதை வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

செல்வநாயகம் அவள் காதில் விழாத தூரத்துக்கு ஆழ்வாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சாதகம் பொருந்தேல்லையெண்டு சொல்லித் தட்டிவிடுவம் எண்டுதான் மாப்பிள்ளை வீட்டார் இருந்தவை அண்ணை, பாழாய்ப்போன சாதகம் பத்துக்குப் பத்தும் பொருந்திப்போச்சுது, அதாலைதான் எங்கையும் கிடையாத சாமானாப் பாத்து உந்தத் தேக்கைக் கேட்டவை.”