மே ஒன்றாம் தேதி நம் முன்னறை தெருவுக்கு வந்தது

நியூயார்க், 1909 மே 3

பிரியமுள்ள லவினியாவுக்கு, உன் கணவன் அம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. ஆல்பனியில் நீயும் உன் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமில்லை. உட்கார ஒன்றும் இல்லாததால் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

"இந்த இருட்டுல மூச்சு முட்டுது, வீட்டுக்குள்ள வெயில் வந்தா சொல்லுங்க, வரேன்" என்று பனிக்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். கோபம் ஆறியதும் வந்துவிடுவாய் என்று இருந்தேன். வரவில்லை. அதனால்தான் மிஸ் கார்லண்டைக் கூப்பிட்டேன். நம் பக்கத்தில் வீட்டு அலங்காரத்தையே தொழிலாக எடுத்துக்கொண்ட முதல் பெண் அவர். அதுவரை மெத்தைக் கடைக்காரர்கள் வைத்ததுதான் சட்டம். இப்போது இவர் ஒரு வீட்டில் திரையைக் கழற்றினால் மறுவாரம் தெருவே கழற்றுகிறது.

வந்தவர் நம் முன்னறையைப் பார்த்துவிட்டு, "யார் சார் செத்துப்போனது?" என்றார்.

"யாரும் சாகலை. என் மனைவி ஆல்பனி போயிருக்கா."

"நானா இருந்தாலும் போயிருப்பேன்."

சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று வெல்வெட் திரை, சோபா, கண்ணாடிக் கூண்டில் இருக்கும் பஞ்சடைத்த ஆந்தை எல்லாவற்றையும் நடைபாதையில் இறக்கச் சொன்னார். அன்று மே ஒன்று என்பது இருவருக்குமே தோன்றவில்லை. வாடகைக் கெடு முடிந்து ஊரே வீடு மாறுகிற நாள். யாருக்கோ வந்த வண்டிக்காரன் நம் சாமானை ஏற்றிக்கொண்டு புரூக்ளினுக்குப் போய்விட்டான். எதிர்வீட்டு மிஸஸ் டெலானி ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "முதல்ல பொண்டாட்டி போனா, இப்ப நீரும் கிளம்பியாச்சா?" என்று கத்துகிறாள். அதற்குள் ஒரு ஸ்வீடன்காரக் குடும்பம் கட்டிலோடு உள்ளே வந்து, "வீடு காலிதானே?" என்கிறது. "காலி இல்லம்மா, நான் இருக்கேனே" என்றேன். அந்தம்மா வெயில் விழுந்த தரையில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெளிச்சத்துலயும் தனியாவா இருக்கீங்க?"ன்னு கேட்டா. ஆயுசெல்லாம் பத்திரிகைக்காக ஊரைக் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கினவன் நான். அந்த ஒரு கேள்வி என்னைச் சுவர்ப்பக்கம் தள்ளிடுச்சு பாரு. பின்னால சாய்ஞ்சேன். அப்பத்தான் வெள்ளை அடிச்ச ஈரச் சுவர். கோட்டு முதுகு முழுக்க வெள்ளை. அதோட தெருவுல இறங்கி வண்டியைத் தேடினேன், டெலானி கிழவி சிரிச்ச சிரிப்பு உனக்கு அங்கேயே கேட்டிருக்கும்.

போதும் போதும்னு ஆயிடுச்சு. மாடிப்பக்கம் காலை வைக்கக் கூடாதுன்னு மிஸ் கார்லண்ட்கிட்ட கண்டிப்பாச் சொல்லிட்டேன். சாமான் கிடைச்சதும் திரையை மாட்டி எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடுவேன். நீ அவசரப்பட வேண்டாம். அங்கேயே சௌகரியமா இரு.

உன் அக்காவின் முழங்கால் வலி தீரட்டும். கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அம்ப்ரோஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மிஸ் கார்லண்ட் வந்து, மாடியில் படுக்கையறைக்கு என்ன வர்ணம் என்று கேட்டார். வெளியே போகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவளைத்தான் கேக்கணும்" என்று வந்துவிட்டது. "எப்ப வருவாங்க?" என்றார். அவரோடு வந்த வர்ணக்காரரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனசில்லை. டப்பாவைத் திறக்காமல் படியில் உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் வந்து சொல்லிவிடு, லவினியா.